சிறுதொகையின் மீதான பழி

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில், ஏரிகளையும் எஞ்சி நிற்கும் மரச்செறிவுகளையும் காக்க முனையும் குடியிருப்போர் நலச் சங்கங்களிடமும், அவற்றுக்கு ஆலோசனை சொல்லும் அறக்கட்டளைகளிடமும் ஒரு கருத்து கேள்விக்கு அப்பாற்பட்டதுபோல் நிலைபெற்றுவிட்டது. சமூகக் காடுகளின் காப்புக்கென வழங்கப்படும் சிறு நல்கைகளுக்கு, அதாவது குறித்த ஒரு பணிக்கென அளிக்கப்பட்டு, திருப்பிச் செலுத்த வேண்டாதவையாகவும் சில லட்சம் ரூபாயைத் தாண்டாதவையாகவும் உள்ள உதவித்தொகைகளுக்கு, விண்ணப்பிப்பது வீண்வேலை என்பதே அது. மூன்று லட்சத்துக்கும் மூன்று கோடிக்கும் நிரப்ப வேண்டிய தாள்கள் ஒன்றே என்றும், அந்த உழைப்பை ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெறச் செலவிட்டால் ஏரி முழுவதையுமே சீரமைத்துவிடலாம் என்றும், பணம் புகுந்தால் தன்னார்வம் கெடும் என்றும், எல்லாவற்றுக்கும் மேலாக இந்தப் பகுதியில் காடே இல்லாதபோது காட்டுக்கான நல்கையை எப்படிக் கேட்பது என்றும் அதற்குக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நடைமுறை அறிந்தோரின் முதிர்ச்சியான முடிவுபோல் இது ஒலிக்கிறது. ஆனால் எஞ்சியிருக்கும் துண்டுக்காடுகள் பாதுகாப்பின்றிக் கரைந்துபோவதற்கு இக்கருத்தே ஒரு காரணமாகியிருக்கிறது என்பதால், அதன் ஒவ்வொரு கூற்றையும் எடுத்து ஆராய்வது அவசியமாகிறது.

காடே இல்லை என்னும் கூற்று, காப்புக்காடுகளை, அதாவது வனச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை செய்யப்பட்டு வனத்துறையின் பொறுப்பில் உள்ள நிலங்களை, மட்டுமே காடு என்று கொள்வதால் பிறப்பது. இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் பிறப்பித்த ஆணை இந்தக் குறுகிய பொருளை ஏற்கவில்லை. நிலம் யாருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், அரசுப் பதிவேடு அதை எவ்வாறு வகைப்படுத்தியிருந்தாலும், அகராதிப் பொருளில் காடாக உள்ளது காடே என்று அது கூறியது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் இந்தப் பொருளைச் சுருக்க முயன்றபோது, 2024 பிப்ரவரி 19 அன்று அதே நீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றின் வழியாக, மாநிலங்கள் தம் காட்டுப் பதிவுகளைத் தொகுத்து முடிக்கும்வரை 1996ஆம் ஆண்டின் பொருளே தொடர வேண்டும் என்று அறிவுறுத்தியது. எனவே சட்டத்தின் கண்ணில், பதிவேட்டில் ஏறாத ஒரு மரச்செறிவு காடாக இருக்கவும் கூடும். அதைக் காடு என்று காட்டுவதற்குரிய சான்றைத் திரட்டுவோர் யார் என்பதே எஞ்சும் வினா.

இயற்கையின் கண்ணிலும் இக்கூற்று நிற்பதில்லை. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நிலத்துக்கே உரியது உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் வகை. வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஆண்டின் பெரும்பகுதியில் வறட்சியைத் தாங்கி, இலையை முற்றாக உதிர்க்காமல் நிற்கும் குட்டையான மரங்களும் முட்புதர்களும் கொடிகளும் பின்னிய காடு அது. உலக்கைப் பாலை, காயா, வீரை, இரும்பிலி, களா, காரை, சூரை முதலியவை அதன் குடிகள். இந்தக் காட்டின் எச்சங்களில் பல இன்று அய்யனார், அம்மன் கோயில்களைச் சுற்றிய கோயில்காடுகளாக மட்டுமே நிற்கின்றன. மரக்காணத்தை அடுத்த கீழ்ப்புத்துப்பட்டுக் கோயில்காடு அவற்றுள் நன்கு அறியப்பட்டது. மேற்குப் புறநகர் இந்தக் கடலோரப் பட்டைக்கு உள்ளேதான் அமைந்திருக்கிறது. ஏரிக்கரைப் பனைவரிசைக்குக் கீழே வளரும் புதர், மேய்ச்சலுக்கென ஒதுக்கப்பட்டு மேய்க்கால் புறம்போக்கு என்று வருவாய்ப் பதிவேட்டில் குறிக்கப்பட்ட நிலத்தில் சீமைக்கருவேலத்துக்கு இடையே தப்பிப் பிழைத்த உள்ளூர்ச் செடி, கோயில் குளத்தை ஒட்டிய தோப்பு, ஆவடியின் பாதுகாப்புத் துறை வளாகங்களுக்கு உள்ளே நிற்கும் மரக்கூட்டம் ஆகியவை ஒவ்வொன்றும் சில ஏக்கர் அளவினவாக இருக்கலாம். அவற்றைக் காடு அல்ல என்று தள்ளிவிடுவோர், புல்வெளியும் நடைபாதையும் அமைத்த பூங்காவைப் பசுமை என்று ஏற்றுக்கொள்வது வியப்புக்குரியது. கோயில்காடுகளில் பலவும் சிறியவை. அளவு சிறுத்தது என்பதால் அவற்றின் பெறுமானம் குறைந்துவிடவில்லை. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில், ஐந்து ஹெக்டேரும் நிறையாத வீரகோயில் காட்டை 2025இல் தமிழ்நாட்டின் இரண்டாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்ததை இவர்கள் கருத வேண்டும்.

அடுத்ததாக, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 1964இல் தொடங்கிய தொழிற்பேட்டையை அருகில் வைத்துக்கொண்டிருக்கும் அம்பத்தூர்வாசிக்கு இந்த யோசனை இயல்பாகவே எழும். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சுற்றுச்சூழல் காப்பும் அப்பணிகளுள் ஒன்று. ஆனால் அந்தப் பணம் யாரிடம் போகலாம் என்பதற்கும் விதிகள் உண்டு. நிறுவனமே நிறுவிய அமைப்பாக அல்லாமல் வெளியிலிருந்து வரும் சங்கமோ அறக்கட்டளையோ, அத்தகைய பணிகளில் குறைந்தது மூன்றாண்டு நிறைவேற்ற அனுபவம் உடையதாகவும், வருமான வரிச் சட்டத்தின் கீழ் உரிய பதிவுகளைப் பெற்றதாகவும், 2021 ஏப்ரல் முதல் நிறுவன விவகார அமைச்சகத்தில் தனியே பதிவு செய்துகொண்டதாகவும் இருக்க வேண்டும். நேற்று ஏழு பேர் கூடித் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்த ஏரிக் காப்புச் சங்கத்துக்கு இவற்றுள் எதுவும் இராது. மூன்றாண்டுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் முடித்துக் காட்டிய பணியும் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஒரு சிறு நல்கையிலிருந்துதான் வரும். சிறு நல்கையைத் தவிர்த்துப் பெருநிதிக்குச் செல்லுமாறு சொல்பவர்கள், முதல் படியை அகற்றிவிட்டு மாடிக்கு அழைக்கிறார்கள்.

பெருநிதி வந்தே விட்டது என்று கொண்டாலும், அது எதை வாங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிறுவனக் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. அதற்குள் செலவைக் காட்டும் நெருக்கடியில் ஜனவரி முதல் மார்ச் வரை குழி தோண்டுவதும் கன்று நடுவதும் நடக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து தீர்ந்துவிடுவதால், மார்ச்சில் நட்ட கன்று வேர்பிடிக்கும் முன்பே கத்திரி வெயிலைச் சந்திக்கிறது. நடுகைக்குப் பின் இரண்டு மூன்று கோடைகளுக்கு நீர் ஊற்றவும், வேலியைப் பார்க்கவும், குப்பை எரிப்போரைத் தடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குரிய கூலி, ஒளிப்படத்தில் விழாத செலவு என்பதால், பெருநிதித் திட்டங்களில் எளிதாக விடுபட்டுவிடுகிறது. ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுகளுக்கு 5,40,000 ரூபாய். கோடிகளைப் பேசும் திட்டத்தில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆயினும் ஒரு துண்டுக்காடு உயிர்பிடிக்குமா என்பது இந்தத் தொகையைச் சார்ந்தே உள்ளது, இது துல்லியமாக ஒரு சிறு நல்கையின் அளவும்கூட.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி பல கோடி ரூபாயில் பசுமைப் பூங்காவாகச் சீரமைக்கப்பட்டு 2019இல் திறக்கப்பட்டது. நடைபாதையும் படகும் தீவுத்திட்டும் மக்களுக்கு மகிழ்ச்சி தந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கழிவுநீர் ஏரிக்குள் வருவது பற்றிய முறையீடுகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. கட்டுமானத்துக்குக் கிடைக்கும் பணம், எந்தத் தெருவின் எந்தக் கால்வாயிலிருந்து கழிவு வருகிறது என்று மாதந்தோறும் நடந்து குறித்துவைக்கும் வேலைக்குக் கிடைப்பதில்லை. அந்த வேலையைச் செய்து பார்த்த வட்டாரமும் அருகிலேயே இருக்கிறது. கொரட்டூர் ஏரியின் பொருட்டு அவ்வூர் மக்கள் அமைத்த பாதுகாப்பு இயக்கம், கழிவு நுழையும் இடங்களைத் தானே கண்காணித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை கொண்டுசென்றது. அத்தகைய கண்காணிப்புக்குத் தேவைப்படுபவை நீர்ப் பரிசோதனைக் கட்டணம், வரைபடம், ஆவண நகல், பயணச் செலவு ஆகியவையே. இவற்றைத் தம் கைப்பணத்தில் செய்யும் மக்களைப் போற்றுவது எளிது. அவர்களுக்கு அந்தச் செலவை ஈடுசெய்யும் வழி இருக்கும்போது, அதை நாடாதீர்கள் என்று அறிவுரை கூறுவது அறம் ஆகாது.

இங்கே தன்னார்வம் பற்றிய மறுப்பு எழும். எதிர்வாதங்களுள் இதுவே மதிக்கத்தக்கது. காசு வந்த இடத்தில் கணக்குச் சண்டை வரும், நல்ல குழுக்கள் உடையும் என்பது அனுபவத்திலிருந்து சொல்லப்படுவது. எனினும் தன்னார்வம் என்பது யாருடையது என்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஏரிக்கரைக்கு வருவோர் பெரும்பாலும் மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ உறுதியாக உள்ளவர்கள். காட்டுத்துண்டோடு அன்றாட உறவு உள்ளவர்களோ வேறு மக்கள். அங்கே ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்கும் பெண்கள், பனையேறிகள், நுங்கும் ஓலையும் எடுத்து விற்போர். புதர் மீண்டும் தழைக்க ஓரிரு ஆண்டுகள் மேய்ச்சலை நிறுத்த வேண்டுமானால் அதன் இழப்பு முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது. கூலியின்றி உழைக்க முன்வராதவர் ஆர்வமற்றவர் என்று கருதும் குழு, அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தன்னைச் சமூகம் என்று அழைத்துக்கொள்கிறது. காவலும் நாற்றங்காலும் விதை சேகரிப்பும் அவர்களுக்குக் கூலிவேலையாகக் கிடைக்கும்போது, எந்தக் களா எப்போது பழுக்கும், எந்த மரத்தடியில் பாலைக்கன்று முளைக்கும் என்று அவர்கள் அறிந்திருப்பது திட்டத்தின் மூலதனமாகிறது. கணக்குச் சண்டையைத் தவிர்க்கும் வழி பணத்தைத் தவிர்ப்பதாக இருக்க முடியாது. வரவு செலவை ஊர் முன்னால் படித்துக் காட்டுவதே அதற்கு வழி, சிறு தொகையில் அது எளிதும்கூட.

தாள்வேலை பற்றிய குற்றச்சாட்டில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. சிறு நல்கைகளில் உலகளவில் பெயர்பெற்றது, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் நடத்தும் உலகச் சுற்றுச்சூழல் வசதியத்தின் சிறு நல்கைத் திட்டம். 1992இல் தொடங்கி, பல ஆண்டுகள் உச்ச வரம்பாக ஒரு பணிக்கு 50,000 டாலர் என வைத்து, 25,000க்கும் மேற்பட்ட பணிகளுக்கு அது உதவியிருக்கிறது. இந்தியாவில் நெடுங்காலம் அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி மையம் அதை ஏற்று நடத்தியது. விண்ணப்பங்களைத் தேர்வு செய்யும் தேசிய வழிகாட்டுக் குழுவில் அரசு சாராதோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பதும், உள்ளூர் மொழியில் எழுதிய முன்மொழிவை ஏற்க இடமுண்டு என்பதும், சில நாடுகளில் எழுத்துக்குப் பதிலாகக் காணொளியில் பேசியனுப்பியதையே ஏற்றிருக்கிறார்கள் என்பதும், விண்ணப்பத்தைத் தயாரிப்பதற்கே தனியாக ஒரு சிறு தொகை தரும் ஏற்பாடு அதில் உண்டு என்பதும், எல்லாத் தாள்களும் ஒன்றே என்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாதவை. கூட்டுப் பங்களிப்பு என்னும் நிபந்தனையும், அதாவது நல்கைக்கு இணையாகப் பயனாளர்களும் பிறரும் தம் பங்கைச் சேர்க்க வேண்டும் என்பதும், பணத்தால் மட்டுமன்றி உழைப்பாலும் நிலத்தாலும் பொருளாலும் நிறைவேற்றத்தக்கது. மண்வெட்டி பிடிப்பவரின் நாளுழைப்பும் அங்கே கணக்கில் ஏறுகிறது. இந்தத் திட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் சில நிலப்பரப்புகளையே தேர்ந்தெடுப்பதால், ஒரு புறநகர்க் குழுவுக்கு அது எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. முக்கியச் சூழலமைப்புக் கூட்டு நிதியம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கெனப் பெங்களூரின் அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளை வழியாகச் சிறு நல்கைகளை வழங்கியபோது, சமவெளிக் காடுகள் அதன் எல்லைக்கு வெளியே நின்றதும் அப்படியே. கொடையாளர்கள் மலையையும் புலியையும் நோக்கியே சாய்வது ஒரு குறைதான். ஆனால் சமவெளியிலிருந்து விண்ணப்பமே போகாமல் இருப்பது அந்தச் சாய்வைத் திருத்தாது.

உண்மையாகவே இடர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் கொண்டுவரப்பட்ட திருத்தம். அதுவரை ஒரு பெரிய அமைப்பு வெளிநாட்டு நன்கொடையைப் பெற்று, பதிவு பெற்ற சிறிய குழுக்களுக்குப் பகிர்ந்து தர முடிந்தது. திருத்தம் அந்தப் பகிர்வை முற்றாகத் தடுத்தது, நிர்வாகச் செலவின் உச்சத்தை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது, எல்லா அமைப்புகளும் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றது. இதனால் அடிவரிசைக் குழுக்கள் இழந்தது பெரிது. அதை எதிர்த்துப் பேச வேண்டியது கடமை. ஆயினும் இச்சட்டத்தைக் காட்டி எல்லா நல்கைகளையும் கைவிடச் சொல்வது பொருந்தாது. அறிவிக்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அமைப்புகள் இச்சட்டத்தின் வெளிநாட்டு மூலம் என்ற வரையறைக்குள் வருவதில்லை. உள்நாட்டு அறக்கட்டளைகளின் பணத்துக்கு இச்சட்டமே பொருந்தாது. பொதுமக்களின் பங்களிப்போடு அரசும் தன் பங்கைச் சேர்க்கும் நமக்கு நாமே திட்டம் மாநிலத்தில் மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது.

தாள்வேலையை வெறுப்போர் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. விண்ணப்பம் கேட்கும் கேள்விகள் எவை? நிலம் யாருடையது, அதன் புல எண் என்ன, அங்கே என்னென்ன வளர்கின்றன, யார் பயன்படுத்துகிறார்கள், எதனால் அழிகிறது, யார் எத்தனை காலம் காப்பார்கள், பணம் தீர்ந்த பிறகு என்ன நடக்கும். நல்கை தருவோர் கேட்காவிட்டாலும் காட்டைக் காக்க விரும்புவோர் விடைகாண வேண்டிய கேள்விகள் இவை. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் பெற்றுப் பார்க்காமல் மரம் நட்டு, பிறகு அது தனியார் பட்டா நிலம் என்று தெரிந்து வெளியேறிய குழுக்களுக்கு இந்தக் கேள்விகளின் மதிப்பு தெரியும். இக்கேள்விகளுக்கு ஊராருக்குப் பதிலாக விடையெழுதித் தந்து, கிடைக்கும் நல்கையில் விழுக்காடு கேட்கும் தொழில்முறை எழுத்தாளர்கள் பெருகியிருப்பதே கண்டிக்க வேண்டியது. அவர்கள் எழுதும் விண்ணப்பத்தில் ஊர் எதையும் கற்பதில்லை.

இத்தகைய ஆவணத்தைச் சட்டமும் கேட்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஊராட்சி முதல் மாநகராட்சி வரை ஒவ்வொரு உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்றும், அக்குழு தன் எல்லைக்குள் உள்ள உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்னும் ஆவணமாகத் தொகுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதிக்குள் இதை முடிக்கச் சொல்லி, தவறினால் மாதம் பத்து லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று மாநிலங்களுக்குக் கெடு வைத்தபோது, நாடெங்கும் பதிவேடுகள் அவசர அவசரமாக எழுதப்பட்டன. பலவற்றில் உள்ளூர் மக்களின் குரலே இல்லை. 2019இல் மாநகராட்சியான ஆவடிக்கும், 2011இல் அம்பத்தூரை இணைத்துக்கொண்ட சென்னை மாநகராட்சிக்கும், பூந்தமல்லி நகராட்சிக்கும் இந்தக் கடமை உண்டு. தாவரவியல் தெரிந்த ஒருவரும் ஊரின் முதியவர்கள் சிலரும் நான்கு பருவங்களும் நடந்து உருவாக்கும் முறையான பதிவேட்டுக்கு ஆகும் செலவு சிறு நல்கைக்கு உள்ளே அடங்குவது.

அத்தகைய ஆவணம் என்ன செய்யும் என்பதற்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி சான்று. ஏழு குன்றுகளும் ஏரிகளும் சுனைகளும், லகுடு வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகளும் உள்ள 193.215 ஹெக்டேர் நிலம், அவற்றின் பட்டியலோடு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், அப்பகுதியையும் உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டபோது, தெருவில் இறங்கிய மக்களின் கையில் அந்த அறிவிக்கையும் இருந்தது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. வென்றது மக்களின் போராட்டமே. ஆனால் காக்க வேண்டியது என்ன என்று ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருந்ததால் அந்தப் போராட்டம் சட்டத்தின் மொழியிலும் பேச முடிந்தது.

மேற்குப் புறநகருக்கு இதில் ஓர் அவசரமும் இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. 2026 முதல் 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டம், எந்த நிலம் குடியிருப்பு, எது தொழில், எது பசுமை என்று வகுக்க இருக்கிறது. பூந்தமல்லிவரை மெட்ரோ ரயில் பாதை அமைந்து நிலவிலை ஏறும் காலத்தில், எந்த ஆவணத்திலும் பெயர் இல்லாத புதர்க்காடு வெற்றுநிலம் என்றே வரைபடத்தில் விழும். பெரிய நிதியும் மூன்றாண்டு அனுபவமும் சேரும்வரை காத்திருந்து, பிறகு ஆவணப்படுத்தலாம் என்பவர்கள், அதற்குள் ஆவணப்படுத்த ஒன்றும் மிஞ்சாமல் போகக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் உழைப்பு வீண்தானே என்பது கடைசியாகச் சொல்லப்படுவது. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தோடு திரும்பி வருபவை புல எண்ணும் எல்லையும் குறித்த வரைபடம், தாவரங்களின் முதற்பட்டியல், மேய்ப்பர்களோடும் கோயில் பொறுப்பாளர்களோடும் நடத்திய பேச்சின் குறிப்பு, சங்கத்தின் தீர்மானம் ஆகியவை. அவற்றை மறு ஆண்டில் வேறொரு கொடையாளருக்கு அனுப்பலாம்; உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் பதிவேட்டில் சேர்க்கக் கோரி அளிக்கலாம்; முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்காக வெளியிடப்படும்போது ஆட்சேபணை மனுவின் இணைப்பாக வைக்கலாம்; நிலம் ஆக்கிரமிக்கப்படும் நாளில், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரின் மேசைமேல் வைக்கலாம்.